தண்டம் கட்ட வழியில்லாதவர்கள்

கெலிஓயாச் சந்தியில், கண்டி–கம்பளை வீதியோரம் ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒருநாள் காலை ஒரு சாரதி தன் சட்டைப்பையிலிருந்து பொலித்தீன் உறையொன்றை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பு விழுந்த இடத்தில் கிழியத் தொடங்கியிருந்தது. "இதுல கடைசித் தேதி என்னான்னு பாருங்க சேர்" என்று நீட்டினார். பொலிஸ்காரர் கையால் நிரப்பியிருந்த பகுதி முழுவதும் சிங்களத்தில் இருந்தது. அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார். கெலிஓயாவில் ஆட்டோ ஓட்டுபவர் பேசாமல் முடியாது. ஆனால் வாசிக்கத் தெரியாது. புசல்லாவைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவர். தேதியை வாசித்துச் சொன்னேன். விரலை மடக்கி எண்ணினார். இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஆறு நாளில் அவர் செய்ய வேண்டியவை இவை. தபால் நிலையத்தில் தண்டப்பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டோடு பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சாரதி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தொகை இரட்டிக்கும். 28 நாளும் கடந்தால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே போனால் ஒரு நாள் உழைப்பு போகும், சட்டத்தரணிக்குக் காசு போகும், நீதவான் விதிக்கும் தண்டமும் சேரும். கையில் காசுள்ளவருக்கு இந்தத் தாள் அரை மணித்தியால வேலை. அன்றாடம் உழைத்து அன்றாடம் சாப்பிடுபவருக்கு அது கடன் வாங்கும் வேலை.

ஒரே குற்றத்துக்கு ஒரே தொகை என்பதைச் சமநீதி என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். தண்டம் விதிக்கும் சட்டம் எங்கும் இனத்தின் பெயரைச் சொல்வதில்லை, வருமானத்தையும் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதுதான் கேடு என்பது என் வாதம். கட்ட வசதியுள்ளவருக்குத் தண்டத்தோடு தண்டனை முடிந்துவிடுகிறது. வசதியில்லாதவருக்கு அங்கேதான் தொடங்குகிறது. மலையகத்தில் அந்த வசதியின்மை யார் வீட்டில் தங்கியிருக்கிறது என்பதைக் கடந்த நூற்றெண்பது ஆண்டு வரலாறு தீர்மானித்து வைத்திருக்கிறது.

நம் சிறைகளில் யார் இருக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். தண்டனை பெற்றுச் சிறைக்குள் வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கொலைகாரர்களோ கொள்ளைக்காரர்களோ இல்லை. தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள். சிறைச்சாலைகள் திணைக்களத்தின் புள்ளிவிவரங்கள் ஆண்டுதோறும் இதைத்தான் காட்டுகின்றன. நீதவான் இவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கவே நினைக்கவில்லை. தண்டம் போதும் என்றுதான் தீர்ப்பளித்தார். கட்டத் தவறினால் இத்தனை மாதம் என்று தீர்ப்பின் வாலில் ஒட்டியிருந்த ஒரு வரி அவர்களை உள்ளே தள்ளிவிட்டது.

2023 டிசம்பர் 25 அன்று ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க நத்தார் பொதுமன்னிப்பில் 1,004 கைதிகளை விடுவித்தார். தண்டப்பணம் செலுத்த முடியாமல் சிறையிலிருந்தவர்களும் அவர்களில் அடக்கம். சுமார் 11,000 பேருக்கான இடவசதியுள்ள சிறைகளில் அப்போது ஏறத்தாழ 30,000 பேர் அடைபட்டிருந்தார்கள். வெசாக்கிலும் சுதந்திர தினத்திலும் இதேபோல் விடுதலைப் பட்டியல்கள் வருவது வழக்கமாகிவிட்டது. அந்த டிசம்பர் 17ஆம் திகதி தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் ஒரே வாரத்தில் பல்லாயிரம் பேர் கைதாகியிருந்தார்கள். ஒரு வாசலால் விட்டு இன்னொரு வாசலால் எடுக்கும் வேலை இது. அரசுக்கு இதில் ஆதாயமும் இல்லை. தண்டம் கட்ட முடியாமல் உள்ளே போனவரிடமிருந்து பணம் வரவில்லை, அதற்கு மேல் அவருக்குச் சோறு போட்டுக் காவலும் வைக்க வேண்டியிருந்தது. அவர் வெளியே இருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் சம்பளமும் நின்றுபோனது.

கண்டிக்காரர்களுக்குச் சிறை என்றால் நீண்டகாலம் போகம்பறை. 1876இல் திறந்த அந்தச் சிறை 2014இன் தொடக்கத்தில் மூடப்பட்டு, கைதிகள் பல்லேகலைக்கு மாற்றப்பட்டார்கள். நெரிசலும் பழைய கட்டடமும் காரணம் என்பதால் அந்த மாற்றத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பார்க்கப் போகும் குடும்பத்தின் பாதை நீண்டது. புசல்லாவையிலிருந்து கம்பளை, கெலிஓயா, பேராதனை வழியாகக் கண்டிக்கு வரும் பஸ் குட்செட் பஸ் நிலையத்தில் நிற்கும். போகம்பறைக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். பல்லேகலைக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். அதற்கும் காசு வேண்டும், நேரம் வேண்டும். அந்த நேரம் தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு முழு 'பேர்'.

'பேர்' என்ற இந்தச் சொல்லுக்குள்தான் தோட்டத் தொழிலாளியின் பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், நின்று, குறித்த நிறை கொழுந்து எடுத்தால் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப் பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. அதை இப்போது தண்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2016 நவம்பரில் முன்வைத்த வரவுசெலவுத் திட்டத்தில் ஏழு வகைப் போக்குவரத்துக் குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்றார்கள். தனியார் பஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பின்னர் சட்டம் திருத்தப்பட்டு அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவது, காப்புறுதியின்றி ஓட்டுவது போன்றவற்றுக்குத் தண்டம் பன்மடங்கு ஏறியது. வீதியில் சாகிறவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதில் மறுப்பேது? ஆயினும் 25,000 ரூபாய் என்பது 2024இன் அந்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் ஏறத்தாழ பதினெட்டரைப் பேர். மழை மாதத்தில், கொழுந்து குறைந்த காலத்தில், மாதம் முழுவதும் உழைத்தாலும் அத்தனை பேர் விழாத தோட்டங்கள் உண்டு. அதே தொகை கொழும்பில் ஒரு நிறுவன மேலாளருக்கு ஒரு வார இறுதி உல்லாசச் செலவு. ஒருவர் பாடம் கற்கிறார், இன்னொருவர் குடும்பத்தோடு பட்டினி கிடக்கிறார். இரண்டையும் ஒரே பெயரால் தண்டனை என்கிறோம்.

2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவின ஆய்வின்படி நாட்டில் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்வோர் 14.3 வீதம். நகரத்துறையில் அது 6 வீதம், கிராமத்துறையில் 15 வீதம், தோட்டத்துறையில் 33.8 வீதம். தோட்டத்துறை என்பதை வெறும் தொழில்துறையாக வாசிக்க முடியாது. அங்கே பெரும்பான்மையாக வாழ்வது ஓர் இனம், மலையகத் தமிழர். வருமானத்தைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே தொகை விதிக்கும் சட்டம் அவர்கள் மேல் இரு மடங்கு பாரமாக இறங்குவதை விளக்க வேறு சதி எதுவும் தேவையில்லை.

காசைக் காட்டி மனிதரைச் சிறைக்குள் தள்ளுவது மலைநாட்டுக்குப் புதிதுமல்ல. கோப்பியும் தேயிலையும் வந்த காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்த மக்கள், மலைக்கு வந்து சேரும்போதே கடனாளிகள். வழிச்செலவும் முன்பணமும் கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயரில் ஏறியிருக்கும். தோட்டம் மாற வேண்டுமானால் இன்னாருக்கு இவ்வளவு கடன், அதைத் தீர்ப்பவர் இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று தோட்டத் துரை எழுதிக்கொடுக்கும் 'துண்டு' வேண்டும். துண்டு இல்லாமல் வெளியேறினால்? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதற்கிருந்தது. முன்னறிவிப்பின்றி வேலையை விட்ட தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் போடலாம், வரவேண்டிய சம்பளத்தையும் பறித்துக்கொள்ளலாம். இரண்டு தனிமனிதருக்கிடையிலான ஓர் ஒப்பந்தம் முறிந்தால் அது வழக்கமாக உரிமையியல் வழக்கு. தோட்டத்தில் மட்டும் அது குற்றமாயிற்று. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து நீதிமன்றங்களின் கூண்டில் நம் முன்னோர் பலர் முதன்முதலாக ஏறி நின்றது இப்படித்தான்.

1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை அமைத்த சேர் பொன்னம்பலம் அருணாசலம் இந்தத் தண்டனைச் சட்டங்களுக்கு எதிராக ஓயாமல் குரல் கொடுத்தார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் கடனையும் கம்பியையும் இணைத்த அந்த முடிச்சு வேறொரு சட்டப்புத்தகத்தில் அவிழாமல் இருந்தது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை தண்டம் கட்டாதவருக்குச் சிறை என்பதை அப்போதே ஏற்றிருந்தது. அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பாரத்தைச் சுமந்தது தமிழர் மட்டுமல்ல. 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் வந்த வீதிச் சட்டம், ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கீடாகக் காசு கட்ட வேண்டும் என்றது. துவக்குக்கு வரி, நாய்க்கு வரி என்று அடுத்தடுத்து வந்தன. அந்த ஜூலையில் கண்டிக் கச்சேரி முன் கூடிய கூட்டமும் அதைத் தொடர்ந்த மாத்தளைக் கிளர்ச்சியும் சிங்கள விவசாயிகளுடையவை. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்டில் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காசே கையில் புழங்காத மக்களிடம் காசாகக் கேட்பது எத்தகைய வன்முறை என்பதை உடுநுவரக் கிராமத்து முதியவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிங்கள மொழியில் தண்டத்தைத் 'தட' என்பார்கள். நம் தண்டமும் அந்தத் தடவும் ஒரே வேரில் முளைத்தவை. வேண்டாவெறுப்பாகக் காசு கொடுப்பதைத் தமிழில் 'தண்டம் அழுவது' என்கிறோமே, அந்த அழுகை இரு மொழிக்காரருக்கும் பொதுவானது.

ஆனாலும் ஒரு வேறுபாடு நிற்கிறது. ஏழைச் சிங்களவர் தன் மொழியில் தண்டம் கட்டுகிறார். ஏழைத் தமிழருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

1961ஆம் ஆண்டின் நீதிமன்ற மொழிச் சட்டம் சிங்களத்தை நீதிமன்றங்களுக்குக் கொண்டுவந்தது. இன்றைய அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம் என்கிறது. அதே உறுப்புரை, தமிழர் தமிழில் வழக்குத் தொடுக்கலாம், அரசு செலவில் மொழிபெயர்ப்புப் பெறலாம் என்றும் சொல்கிறது. எழுத்தில் குறையில்லை. நடைமுறையில் பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும், வாசித்துப் பார்க்க முடியாதவர் கீழே கையெழுத்திடுவார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாத நாளில் வழக்கு இன்னொரு தவணைக்குப் போகும். தவணை என்றால் இன்னொரு பஸ், இன்னொரு இழந்த பேர், சட்டத்தரணிக்கு இன்னொரு கட்டணம். இந்தச் செலவுகள் எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் பல வழக்குகளில் இவை தண்டத்தையே மிஞ்சிவிடும். ஆகவே வழக்கை எதிர்த்து நிற்பதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போவதே மலிவு என்று ஆள் முடிவெடுக்கிறார். செய்யாத தவறையும் 'ஓம்' என்று சொல்ல வைக்கும் கணக்கு இது. நாளைக்கு அது பழைய குற்றமாகப் பதிவேட்டில் நிற்கும். கெலிஓயா, வெலிகல்லைப் பக்கத்துத் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் இதே கூண்டில் இதே சிக்கல் வரலாம். ஆனால் தலைமுறையாகக் கடையும் காணியும் சிங்கள அயலும் உள்ள குடும்பத்துக்குக் கைகொடுக்க யாராவது இருப்பார்கள். லயத்துக் குடும்பத்துக்கு அநேகமாக அந்த ஆளும் இல்லை.

பிணை இன்னொரு மதில். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதை விதியாகவும் மறுப்பதை விதிவிலக்காகவும் ஆக்க முயன்றது. ஆனால் பிணையாளி வர வேண்டும், அவர் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். லயத்தில் குடியிருப்பவருக்கு வீட்டுறுதி இல்லை, பலருக்குச் சொந்த முகவரியே சரியாக இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒரு சமூகத்தையே பத்திரமற்றவர்களாக்கிய பின்விளைவு, குடியுரிமை மீண்டு பல ஆண்டுகள் கழிந்த பிறகும், இப்படிச் சின்னச் சின்னத் தாள்களில் வெளிப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதற்காகவே ஒரு தவணை தள்ளிப்போவதுண்டு. ஆள் விளக்கமறியலில் இருப்பார்.

இதையெல்லாம் எழுதும்போது அமெரிக்காவின் பெர்குசன் நகரம் நினைவுக்கு வராமல் இருக்காது. மிசோரி மாநிலத்தின் அந்தச் சிறு நகரில் 2014இல் மைக்கேல் பிரௌன் என்ற கறுப்பின இளைஞரைப் பொலிஸ் சுட்டுக்கொன்ற பின்னர் அமெரிக்க நீதித் திணைக்களம் விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நகர நிர்வாகம் தண்டப்பணத்தை வருமானமாகவே திட்டமிட்டு வசூலித்ததை அது அம்பலப்படுத்தியது. மக்கள்தொகையில் 67 வீதமாக இருந்த கறுப்பினத்தவர் கைதானவர்களில் 93 வீதமாக இருந்தார்கள். 2007இல் வாகனத்தைத் தவறாக நிறுத்திய ஒரு பெண்ணுக்கு 151 டொலரும் கட்டணங்களும் தண்டம் விழுந்தது. ஏழு ஆண்டில் அவர் 550 டொலர் கட்டி, ஆறு நாள் சிறையிலும் இருந்த பிறகு, இன்னும் 541 டொலர் பாக்கி என்றார்கள். நம் நாட்டில் தண்டப்பணம் உள்ளூர்ப் பொலிஸின் வரவுசெலவைத் தாங்குவதில்லை, ஆகவே பேராசை என்ற காரணம் இங்கே அப்படியே பொருந்தாது. பொருந்துவது அந்தப் பெண்ணின் ஏழு ஆண்டு. கட்டத் தாமதித்ததற்கே மேலும் கட்ட வைக்கும் அந்தச் சுழல் கெலிஓயாவில் 14 நாள், 28 நாள் என்று ஓடுகிறது.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1983இல் பியர்டன் வழக்கில், கட்ட இயலாதவரை இயலாமைக்காகவே சிறைக்கு அனுப்பக் கூடாது, முதலில் அவரது நிலையை விசாரிக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே 1978இல் இந்திய உச்சநீதிமன்றத்தில் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் மோதிராம் வழக்கில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் பிணை கேட்டதைக் கண்டித்தார். ஏழையால் முடியாத தொகையைக் கேட்பது பிணையை மறுப்பதற்குச் சமம் என்பது அதன் சாரம். 2023இல் இந்திய அரசு, தண்டம் கட்ட முடியாமல் சிறையிலிருக்கும் ஏழைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை உதவும் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்லாந்து 1921இலேயே நாட்கணக்குத் தண்ட முறைக்கு மாறிவிட்டது. குற்றத்தின் அளவுக்கு இத்தனை நாள் என்று குறித்து, ஒரு நாளின் விலையை அவரவர் வருமானத்திலிருந்து கணக்கிடுவார்கள். 2002இல் நொக்கியா நிறுவன இயக்குநர் ஒருவர் வேகமாக மோட்டார் சைக்கிள் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ தண்டம் பெற்றது உலகச் செய்தியாயிற்று. மேன்முறையீட்டில் அது குறைந்தது. இந்த முறையும் நோய்க்கெல்லாம் மருந்தாகிவிடாது. ஜெர்மனியில் நாட்கணக்குத் தண்டம் இருந்தும் கட்டாதவர்கள் சிறைக்குப் போகிறார்கள், பஸ்ஸில் பயணச்சீட்டு எடுக்காதவர் உட்பட. 2024 பெப்ரவரியிலிருந்துதான் இரண்டு நாள் தண்டத்துக்கு ஒரு நாள் சிறை என்று அந்தக் காலத்தைப் பாதியாக்கியிருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போகாமலே இங்கே செய்யக்கூடியவை உண்டு. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தண்டம் கட்ட அவகாசம் கொடுக்கவும் தவணை முறையில் கட்ட அனுமதிக்கவும் நீதவானுக்கு ஏற்கெனவே அதிகாரம் தருகிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை இட வழி செய்கிறது. ஆள் வீட்டிலிருந்து கொண்டே பொதுவேலை செய்து தண்டனையைக் கழிக்கலாம். 1978இல் அமைத்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் நிலையம் உண்டு. இவற்றைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதுதான் இடர். கேட்பதற்கு இப்படியொன்று இருக்கிறது என்று தெரிய வேண்டும், தெரிந்ததைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும், சொல்லச் சட்டத்தரணி வேண்டும். காலையில் அறுபது வழக்கு எழுபது வழக்கு அழைக்கும் நீதிமன்றத்தில் ஒருவரின் நாட்சம்பளம் என்ன, வீட்டில் எத்தனை வாய் என்று கேட்க நீதவானுக்கு நேரம் இருப்பதில்லை. கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தண்டம் விதிக்கும் முன் இரண்டே கேள்வி, வருமானம் என்ன, எப்போது கட்டுவாய் என்று, சந்தேகநபர் பேசும் மொழியில். இது பெரிய சீர்திருத்தமே அல்ல. ஆனால் இது இருந்திருந்தால் அந்த நத்தார் மன்னிப்புப் பட்டியலில் இருந்தவர்களில் பலர் சிறைக்குள்ளேயே போயிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

2025இல் வீதியிலேயே கைத்தொலைபேசி வழியாகத் தண்டம் கட்டும் 'கவ்பே' வசதியை அரசு பரீட்சித்தது. தபால் நிலையத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அலையும் நாள் மிச்சமாகும் என்பதால் வரவேற்கத்தக்கதே. வங்கிக் கணக்கில் காசிருப்பவருக்கு.

அந்த ஆட்டோ சாரதியைப் பத்து நாள் கழித்து அதே இடத்தில் பார்த்தேன். அனுமதிப்பத்திரம் வந்துவிட்டதா என்று கேட்டேன். "வந்துருச்சு சேர். வீட்டுக்காரி தோட்ட கழட்டிக் குடுத்துச்சு" என்றார். சட்டைப்பையில் அதே பொலித்தீன் உறை இருந்தது. உள்ளே இப்போது அடகுத் துண்டு. அதில் எழுதியிருக்கும் கடைசித் தேதியை வாசிக்கச் சொல்லி மீண்டும் என்னிடம் நீட்டினார்.